தொப்பிக்காரரின் முதல் அடி

தொப்பி இல்லாமல் அமெரிக்கக் குதிரைக்காரர்களின் கன்ட்ரி பாட்டுப் பாடினால் கிதார் கோபித்துக்கொள்ளும் என்று நம்புகிற ரகம் அவர். அதனால்தான் ஊரெல்லாம் தொப்பிக்காரர் என்றது. அன்று தங்கை மகளின் ஒலிப்பதிவு அறைக்கும் அகலத் தொப்பியோடுதான் போனார். கதவில் இடித்துக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

உள்ளே அவருடைய மாப்பிள்ளை, அதாவது போன வருஷம் இறந்துபோன தங்கையின் கணவர், பாஸ் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஜமைக்காத் தீவு இசையான ரெகே வாசிக்கிற ஆள். எதிலும் அவசரம் கிடையாது. வீடு தீப்பிடித்தால்கூடச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். மனைவி போனபின் அந்தப் பாஸைத் தொட்டதில்லை.

"இந்த ஒரு பாட்டு. மக கேட்டாளேன்னு. நாளைக்கு இதக் கடையில வித்துடப்போறேன் மச்சான்" என்றார்.

தொப்பிக்காரர் தன் கிதாரை எடுத்து வெடுக்கென்று மாட்டிக்கொண்டார். தங்கையும் போய், இந்த மனுஷனும் வாசிப்பை விட்டுவிட்டால் தான் யாரோடு சண்டை போடுவது?

சண்டை என்றால் சாதாரணச் சண்டையா! கன்ட்ரியில் முதல் அடி காலைத் தரையில் ஊன்றி நடக்கிற மாதிரி விழவேண்டும். ரெகேயில் அந்த முதல் அடியை வெறுமையாக விட்டுவிட்டு, மூன்றாவதில்தான் பெரிய டிரம்மை மிதிப்பார்கள். ஒருவர் விடாக்கண்டன், மற்றவர் கொடாக்கண்டன். நடுவில் டிரம்ஸோடு உட்கார்ந்திருந்தவள் தங்கை. கல்யாண மண்டபமோ, கப்பல் தொழிலாளர் விருந்தோ, ஓட்டை வேனில் மூவரும் போய் இறங்கினால் கூட்டம் முதலில் சிரிக்கும். "என்னய்யா இது, குதிரையும் படகுமா?" என்பார்கள். இரண்டாவது பாட்டில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு ஆடுவார்கள். திரும்பி வரும்போது தங்கை பின்சீட்டில் கால் நீட்டித் தூங்குவாள். இவர்கள் இருவரும் அவளை எழுப்பாமல் கிசுகிசுத்துச் சண்டை போடுவார்கள். அது என்ன மாதிரிக் காலம்!

மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டிரம் மெஷினை ஓடவிட்டாள். சுத்தமான ரெகே தாளம். அதற்குள் பாட்டோடு தொப்பிக்காரர் நுழைந்தார். தடுக்கியது. மறுபடி நுழைந்தார். மாப்பிள்ளை ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்.

"மெஷின் தப்பும்மா. உங்கம்மா இப்படி அடிக்கமாட்டா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மாமா, மெஷின் சரியாத்தான் இருக்கு."

மூன்றாவது தடவையும் சரிந்ததும் மாப்பிள்ளை எழுந்து பாஸைப் பெட்டியில் வைக்கப்போனார். தொப்பிக்காரர் பெட்டி மூடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அவகூட இத்தன வருஷம் வாசிச்சேனே! ஒரு நாளாவது தடுமாறினேனா? சொல்லு மாப்ள!"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "அவ உனக்காக முதல் அடியில பெரிய டிரம்ம லேசா ஒரு மிதி மிதிப்பா. கூட்டத்துக்குக் கேக்காது, உனக்கு மட்டும் கேக்கும். ரெகேக்கு அது பாவம்னு நான் குதிச்சேன். 'எங்கண்ணன் விழுந்துடுவான், நீங்க பொறுத்துக்குங்க'ன்னா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். ரெகேயைக் கரைத்துக் குடித்துவிட்டதாக எத்தனை மேடையில் பீற்றிக்கொண்டிருக்கிறார்! வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. பிறகு அடக்கமாட்டாமல் அழுதார். கிறுக்குப்பெண், சாகும்வரை வாயைத் திறக்கவில்லையே!

மாப்பிள்ளை மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். பாஸை எடுத்துக்கொண்டு, வெறுங்காலால் மரத்தரையில் முதல் அடியை மெதுவாகத் தட்டினார். வாழ்நாளெல்லாம் எதைப் பாவம் என்றாரோ அதையே.

"அப்பா, கால் சத்தம் பதிவுல விழும்" என்றாள் மகள்.

"விழட்டும்."

தொப்பிக்காரர் நுழைந்தார். தடுக்கவில்லை. கன்ட்ரி பாட்டு அந்த நிதானமான பாஸின்மேல் சொகுசாக உட்கார்ந்துகொண்டது. கடைசிவரை ஒரே மூச்சில் வாசித்தார்கள். மகள் கண்ணாடிக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சினாள்.

பாட்டு முடிந்து, மாப்பிள்ளை பெட்டியை இழுத்தபோது தொப்பிக்காரர் சொன்னார்: "இனிமே எனக்காக நீ தட்டவேணாம் மாப்ள. அந்த முதல் அடிய வெறுமையா விட்டு வாசிக்க நான் கத்துக்கறேன்."

"நீயா? எப்போ கத்துப்ப?"

"எனக்கு மரமண்டை. நாலஞ்சு வருஷம் ஆகும். பாஸ் இல்லாம கத்துக்க முடியாது."

மாப்பிள்ளை பெட்டியைக் காலால் ஒதுக்கிவிட்டு, பாஸை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, ஆரம்பி" என்றார்.