துணிக்குக் காவல்

தென்காசியில் சொந்த வீடு வைத்திருப்பவருக்கு ஆனி, ஆடி மாதங்களில் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சம் இராது. மேற்கு மலையில் மேகம் இறங்கி, முகத்தில் நாலு தூறல் விழுந்துவிட்டால் போதும்; கல்யாணத்துக்குக்கூட எட்டிப் பார்க்காத உறவெல்லாம் துண்டும் சீயக்காய்ப் பொட்டலமுமாகக் குற்றாலத்தில் குளிக்க வந்து இறங்கிவிடும். நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில், அப்படி ஓர் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பாத்திரக்கடை குத்தாலிங்கத்தின் வீட்டு வாசலில் இரண்டு குதிரை வண்டிகள் நின்றன. ஆலங்குளத்திலிருந்து அவருடைய மச்சினன் மந்திரமூர்த்தி பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தான்.

குத்தாலிங்கம் எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிற மனிதர். சாப்பிடும்போது கடை திறப்பதை நினைப்பார். கடை திறந்ததும் சாப்பாட்டை நினைப்பார். “ஏ நாச்சியா, புளிச்சோறு கட்டியாச்சா? தோசைக்குப் பொடி தடவுனியா? வெயில் ஏறிட்டுன்னா கூட்டம் நெரியும்!” என்று மனைவியை விரட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வெயில் ஏறுவதற்கான அறிகுறி வானத்தில் மருந்துக்கும் இல்லை.

உள்ளே கைத்தையல் மிஷினுக்கு உறை போட்டுவிட்டு வடிவாம்பாள் வந்தாள். குத்தாலிங்கத்தின் ஒரே தங்கை, வயது இருபத்தெட்டு. நாலு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது அவளுடைய இடது காலின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முழங்காலில் கையை ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பாள். அந்தத் தெருவில் பாதிப் பெண்கள் அவள் தைத்த ரவிக்கையைத்தான் போட்டுக்கொண்டார்கள்.

“அண்ணே, செண்பகாதேவி அருவிக்குத்தான போறீங்க? இந்தத் தடவை நானும் மேல வாரேன்” என்றாள் வடிவு.

குத்தாலிங்கம் சிரித்தார். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புத்தான். “நீயா? ஏட்டி, அது மலைக்காடு. கல்லும் வேரும் வழுக்கலுமாக் கெடக்கும். அட்டை வேற கடிக்கும். கால் நல்லா இருக்கவங்களே மூச்சு வாங்கித்தான் ஏறுதாங்க. உனக்கு என்னத்துக்கு இந்தச் சிரமம்? கீழ நிம்மதியா உக்காந்து வேடிக்கை பாரு. துணிமணிக்கும் ஒரு ஆள் வேணும்லா? குரங்கு தூக்கிட்டுப் போயிரும்.”

“மெதுவா ஏறுவேன் அண்ணே.”

“மெதுவா ஏறுனா இன்னைக்குப் போயிட்டு ஆடி அமாவாசைக்குத்தான் இறங்கணும்” என்று மந்திரமூர்த்தி சொல்ல, வண்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். வடிவும் சிரித்துவைத்தாள். சிரிக்காவிட்டால், இதுக்கெல்லாமா கோவிச்சுக்கிடுவா என்று கேட்பார்கள்.

இது இன்று நேற்று வந்த ஏற்பாடு அல்ல. அப்பா இருந்தவரை வடிவைத் தோளில் தூக்கிப் போய் அருவியில் காட்டினார். அவர் காலமான பிறகு குற்றாலத்தில் அவளுக்கு ஒரே உத்தியோகந்தான். எல்லாரும் குளிப்பார்கள், எல்லாருடைய உலர்ந்த துணிகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். திரும்பும்போது குத்தாலிங்கம் ஒரு செம்பில் அருவித் தண்ணீர் பிடித்துவந்து அவள் தலையில் தெளிப்பார். ஊனமான தங்கையை வீட்டு மூலையில் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறவர்கள் எத்தனை பேர், நான் வண்டி வைத்துக் கூட்டிப் போகிறேனே என்று அவர் நெஞ்சு நிறைந்திருக்கும். கோளாறெல்லாம் அந்த நிறைவில்தான் இருந்தது.

குற்றாலத்தில் திருவிழாக் கூட்டம். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழவில்லை. மலைப்பாதை தொடங்குகிற இடத்தில், மங்குஸ்தான் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஹைருன் பீவிக்குப் பக்கத்தில் ஒரு கல் காலியாக இருந்தது. அதில் வடிவை உட்கார வைத்து, சோற்று மூட்டையையும் துணி மூட்டையையும் அவள் மடியில் ஏற்றினார்கள். “இந்தா வந்துருவோம்” என்றார் குத்தாலிங்கம். சொல்லி முடிப்பதற்குள் பத்தடி ஏறிவிட்டார்.

மேலே காடு ஈரத்தில் ஊறிக் கிடந்தது. மரத்துக்கு மரம் பாசி. இலைக்கு இலை சொட்டு. பெரிய வேர்கள் பாதையின் குறுக்கே படி வைத்ததுபோல் ஓடின. ஒரு கருமந்தி கிளையில் உட்கார்ந்து இவர்களை ஏற இறங்கப் பார்த்தது. குத்தாலிங்கம் இவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. “நடங்க, நடங்க” என்று பின்னால் வருகிறவர்களை விரட்டுவதிலேயே அவருடைய பயணம் போயிற்று. செண்பகாதேவி அருவியில் தலையைக் கொடுத்தபோதுதான் அந்த மனிதர் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். கீழே கல்லில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைவு அப்போது அவருக்குத் துளியும் இல்லை.

பசி வயிற்றைக் கிள்ளியபோது இறங்கினார்கள். கல் காலியாக இருந்தது. சோற்று மூட்டையும் துணி மூட்டையும் ஹைருன் பீவியின் கூடைக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன.

“எங்கம்மா இங்கன இருந்த பொண்ணு?”

“நீங்க மலையேறவும் அந்தப் பிள்ளை எந்திரிச்சிட்டு அண்ணாச்சி. ‘பீவியம்மா, நான் குளிக்கப் போறேன், மூட்டையைப் பாத்துக்கிடுவீங்களா’ன்னு கேட்டுச்சு. நான் பொழுது சாயுத மட்டும் இங்கனதான இருக்கப் போறேன். துணியைப் பாக்கதுக்குன்னு தனியா ஒரு ஆளா வேணும்?”

குத்தாலிங்கத்துக்கு இவ்வளவு வருஷமாகத் தோன்றாத கேள்வி அது. ஆனால் அதை நின்று யோசிக்க நேரம் இல்லை. பாறை எல்லாம் பாசி. தண்ணீரோ கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. ஒற்றைக் காலில் பலமில்லாதவள் போனாளே, போய் எத்தனை நேரம் ஆயிற்று? செத்த வீட்டுக்கு ஓடுகிறவரைப்போல மலையடியில் கொட்டும் பேரருவியைப் பார்த்து ஓடினார்.

வழியில் நின்ற போலீஸ்காரரிடம், “ஐயா, ஒரு நொண்டிப் பொண்ணு இந்தப் பக்கம் வந்தாளா?” என்று கேட்டார். அந்தச் சொல்லை யாரும் சொல்லக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டவரே அவர்தான். அவசரத்தில் முதலில் வந்து விழுந்தது அதுதான்.

“நொண்டியா? பிச்சைக்காரங்க எல்லாம் கோயில் வாசல்லலா இருப்பாங்க. அங்கன போய்ப் பாரும்வே!”

அவள் பிச்சைக்காரி இல்லை, என் தங்கை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். குத்தாலிங்கத்தின் முகம் சுண்டிப் போயிற்று. சொன்ன சொல்லுக்கு ஏற்ற வழியைத்தானே காட்டுவார்கள்? வேறு வழி தெரியாமல் கோயில் வாசலுக்கே போனார். அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் தட்டில் காசைப் போட்டுவிட்டு நகர்ந்த நாள் உண்டே தவிர, ஒருவர் முகத்தையும் அவர் பார்த்ததில்லை. இன்று ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தார்.

இரண்டு கையிலும் கட்டையை ஊன்றி உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்: “யாரைத் தேடுதீக அண்ணாச்சி?”

“ஒரு பொண்ணு. கால் ஊனமா இருப்பா.”

“இங்கன எல்லாருக்கும் அதுதான! காலைச் சொன்னா எப்படிக் கண்டுபிடிக்க? ஆளைச் சொல்லுங்க. என்ன கலர் சேலை? ஒசரமா, குட்டையா? என்ன ஜாடை?”

குத்தாலிங்கம் நினைத்துப் பார்த்தார். காலையில் எதிரே வந்து நின்றாள். வண்டியில் முட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். முழங்காலில் ஊன்றிய கை மட்டும் கண்ணுக்குள் நின்றது. சேலையின் நிறம் நினைவில் இல்லை. உயரமா என்றால், அதுவும் தெரியவில்லை. ஒரு குடத்தைத் தூரத்தில் பார்த்தே எத்தனை படி கொள்ளும் என்று சொல்லிவிடுகிறவருக்கு, கூடப் பிறந்தவளுக்கு அடையாளம் சொல்லத் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு பேர் நடுவில் அழவும் வெட்கமாக இருந்தது.

அதற்குள் நாச்சியார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். “நான் பொம்பளைங்க பக்கம் போய்ப் பாக்குதேன். நீங்க இங்கன நில்லுங்க” என்று அருவியின் அந்த ஓரத்தில் இறங்கினாள். குத்தாலிங்கம் எதிரே நின்று பார்த்தார். தண்ணீர் விழுகிற வேகத்தில் அங்கே ஒருத்தியும் நிமிர்ந்து நிற்கவில்லை. குனிந்தும் கோணியும், கம்பியைப் பிடித்துக்கொண்டும், ஒருத்தி தோளை ஒருத்தி பற்றிக்கொண்டும் தள்ளாடினார்கள். நடுவில் ஒருத்தி தலையைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளையும் தாண்டிக் குத்தாலிங்கத்தின் கண்கள் தேடிக்கொண்டே போயின. இரண்டு தரம் அவளைப் பார்த்தார். இரண்டு தரமும் தாண்டிப் போனார். நாச்சியார் அவள் தோளைத் தொட்டபோதுதான் அது வடிவு என்று தெரிந்தது. அவர் தேடிக்கொண்டிருந்தது ஒரு காலை. அங்கே நின்றதோ ஒரு பெண்.

வெளியே வந்தவளைப் பார்த்ததும் பயமெல்லாம் கோபமாக மாறியது. “ஏட்டி, புத்தி இருக்கா உனக்கு? வழுக்கி விழுந்து போயிருந்தா யாருக்குப் பதில் சொல்லுவேன்? பாறையில எப்படி நடந்த?”

வடிவு தலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “உக்காந்து உக்காந்துதான் இறங்குனேன். கீழ ஒரு அக்காட்ட கொஞ்சம் கையைக் குடுங்கன்னு கேட்டேன், குடுத்தாக. அந்தப் பாறையில சாயாம நடக்கவ எவ இருக்கா அண்ணே? எல்லாரும் என்னை மாதிரித்தான் நடந்தாளுக.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“காலையில சொன்னேனே. சிரிச்சீங்க.” அவள் குரல் உயரவில்லை. “இத்தனை வருசமாக் காவல் இருந்தேன், ஒரு துண்டு தொலஞ்சிருக்கா? இன்னைக்கு ஒரு நாள் நான் தொலஞ்சேன். அதுக்கு இந்தக் கோவம் வருது உங்களுக்கு.”

ஓர் ஓரமாகப் போய்ச் சோற்று மூட்டையைப் பிரித்தார்கள். எல்லாரும் சாப்பிட, குத்தாலிங்கம் புளிச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருந்தார். இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், நாலடி நடந்தார், திரும்பி வந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்தார். நீலச் சேலை, வெள்ளைப் புள்ளி. அப்பாவின் மூக்கு, அப்பாவின் நெற்றி. இப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“வடிவு, செண்பகாதேவிக்கு நீ ஏறணும்னா எப்படி ஏறுவ?” என்று கேட்டார்.

வடிவு வாயில் போட்ட சோற்றை விழுங்கிவிட்டு அவரையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. “முடியாது, வேண்டாம், பாவம்னு நீங்க சொல்லி நெறையக் கேட்டிருக்கேன் அண்ணே. எப்படின்னு இன்னைக்குத்தான் கேக்குதீங்க.”

“சொல்லுட்டி.”

“ஒரு நல்ல கம்பு வேணும். செங்குத்தா இருக்க இடத்துல உக்காந்து ஏறுவேன். முடியாத இடத்துல கையைக் குடுங்கன்னு நானே கேப்பேன், அப்பக் குடுத்தாப் போதும். காலையில சீக்கிரமாக் கிளம்பணும். என் கால் ஒரு பெரிய கஷ்டமில்ல அண்ணே. உங்க அவசரம்தான் கஷ்டம். என் கூட மெதுவா நடப்பீங்களா?”

குத்தாலிங்கத்துக்கு அடி சரியான இடத்தில் விழுந்தது. மலையும் பாறையும் அவளைத் தடுக்கவில்லை. தாமே தடுத்துவிட்டு மலைமேல் பழி போட்டிருக்கிறோம் என்று விளங்கியது. “நடப்பேன்” என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது.

மந்திரமூர்த்தி கையைக் கழுவிவிட்டு வந்தான். நடந்ததெல்லாம் அவனுக்கு ஒரு வேடிக்கைதான். “சரி அத்தான், ஆள் கெடச்சாச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை தேனருவிக்குப் போயிருவோமா? வடிவு கீழ துணிக்கு இருந்துக்கிடட்டும்.”

“துணி தொலஞ்சாத் தொலையட்டும் மாப்ளே!” குத்தாலிங்கத்தின் குரல் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. “இத்தனை வருசமா இவளால முடியாதுன்னு நானே தீர்ப்பு எழுதிட்டு, அதைப் பாசம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். முடியுமா முடியாதான்னு சொல்ல வேண்டியது அவ. எப்படின்னு கேட்டுட்டுக் கூட நடக்க வேண்டியது நாம. உடம்புல குறை இருக்கவங்களுக்கு நாம செய்ய வேண்டியது அம்புட்டுத்தான். அதைச் செய்யாம உச்சந்தலையில தண்ணி தெளிச்சு என்ன புண்ணியம்?”

நாச்சியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மந்திரமூர்த்தி தலையைச் சொறிந்துகொண்டு, “அப்ப தேனருவிக்கு எல்லாரும் சேந்தே போவோம் அத்தான்” என்றான்.

வடிவு ஈரக் கூந்தலை உதறி முடிந்துகொண்டாள்.

“தேனருவி கெடக்கட்டும். மொதல்ல செண்பகாதேவி” என்றாள்.