நாலாவது தட்டல்

மரச்சாமான் கடைக்கு அடியில் இருந்த அந்த அறைக்குப் பதினான்கு படி இறங்க வேண்டும். தையல்காரி ஒவ்வொரு படியிலும் முதலில் பையை இறக்கி வைத்து, அப்புறம் தன் காலை வைத்து இறங்கினாள். பைக்குள் இருந்தது தம்பியின் சின்ன டிரம். பையும் அவள் தைத்ததுதான்; மழைக்கோட்டுத் துணி, உள்ளே பழைய போர்வை, ஓரமெல்லாம் இரட்டைத் தையல். ஆறு வருஷத்தில் ஒரு நூல் பிரியவில்லை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தவன்தான் பத்து நாள் காய்ச்சலில் போய்விட்டான். எட்டு மாதம் ஆகிறது.

உள்ளே ஐம்பது மடக்கு நாற்காலிகள், நடுவில் ஒரு தூண். மேடை என்பது ஒரு முழ உயரப் பலகை. முன்வரிசைக்காரர் காலை நீட்டினால் பாடுகிறவன் மேல் இடிக்கும். "தூணுக்குப் பின்னாடி மட்டும் உக்காராதக்கா, பாதி மூஞ்சிதான் தெரியும். என் நல்ல பாதி அந்தப் பக்கம்" என்பான் தம்பி. இன்றைக்கு அவள் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்தாள். பையைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

அவன் போனபின் அவனுடைய பாட்டுக்குழு கலைந்து கிடந்தது. இப்போது டிரம் வாசிக்க அச்சகத்தில் வேலை செய்கிற ஒருவரைச் சேர்த்துக்கொண்டு முதல் தடவையாக மேடை ஏறுகிறார்கள். போன வாரம் குழுவின் பாடகன் அவள் தையல் கடைக்கு வந்தான். அளவு கொடுக்க வந்தவன் மாதிரி கையைத் தொங்கவிட்டு நின்றுகொண்டே, "அந்தச் சின்ன டிரம்மைத் தருவீங்களாக்கா? எங்க பாட்டு பூரா அதுலதான் இருக்கு" என்றான். அம்மா யோசிக்கவே இல்லை. "குடுத்துடு. தினம் தொடைச்சு வைக்க என்னால ஆகல." தையல்காரி இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூக்கி வந்திருந்தாள். மனசு வராவிட்டால் அதே பதினான்கு படியை ஏறிவிடலாம்.

ஐந்து மணிக்கு விளக்கு மங்கியது. அச்சகக்காரர் குச்சிகளை உயர்த்தி ஒன்றோடொன்று தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அடுத்த கணம் அவருடைய அடி மட்டும் தனியாக விழுந்தது. கிடாரும் கீபோர்டும் பாடகனும் ஒரு இமைப்பொழுது கழித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது பாட்டிலும் அப்படியே. அச்சகக்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்து நாற்காலிப் பெரியவர் அவள் பக்கம் சாய்ந்து, "இவங்களும் நம்ம பஸ் மாதிரிதான், மணி அடிச்சும் கிளம்ப மாட்டேங்கிறாங்க" என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியின் நாலாவது தட்டல் எப்போதும் ஒரு மயிரிழை பிந்தித்தான் விழும். எல்லாவற்றுக்கும் பிந்துகிறவன் அவன். பிறந்ததே பத்து நாள் தள்ளி. கேட்டால், "மூணு தட்டிட்டு மூச்சு விட வேணாமாக்கா?" என்பான். ஆறு வருஷம் அந்த மூச்சுக்குக் காத்திருந்து பழகிய உடம்புகள் மேடையில் நின்றன. ஒவ்வொரு பாட்டின் வாசலிலும் அந்தச் சிறு பள்ளம் விழுந்தது. அதற்குள் அவன் இருந்தான். அடுத்தது எப்போது வரும் என்று அவள் தூணைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எட்டு மாதத்தில் இவ்வளவு கிட்டத்தில் அவன் வந்ததில்லை.

இடைவேளையில் பாடகன் வேர்த்து வழிய வந்து அவள் எதிரே குந்தினான். பின்னாலேயே அச்சகக்காரர்.

"கவனிச்சீங்களாக்கா?"

"ம்."

"ஒத்திகையில சரியாத்தான் வந்துச்சு. இங்க லைட்டு மங்கினதும் நாங்க மூணு பேரும் அவனுக்காக நின்னுட்டோம். வேணும்னு செய்யல."

அச்சகக்காரர் தொண்டையைச் செருமினார். விரல் இடுக்குகளில் மை இருந்தது. "அவர் தட்டினது எப்படின்னு இப்பத்தான் இவங்க சொன்னாங்க. நான் வேணா நாலாவதைக் கொஞ்சம் தள்ளியே தட்டுறேன்க்கா. அவர் மாதிரியே. எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லுங்க."

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். சட்டை வாங்குகிறவனுக்குச் செத்தவனின் அளவில் வெட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். அவன் ஒவ்வொரு வாரமும் வருவான்.

"வேணாம் தம்பி. உங்க கணக்குலயே தட்டுங்க" என்றாள். குனிந்து ஜிப்பை இழுத்தாள். அது ஒரே இழுப்பில் திறந்துகொண்டது. "இதையும் எடுத்துக்குங்க."

"பை?" என்றான் பாடகன்.

"அது என்கிட்ட இருக்கட்டும்."

இரண்டாம் பகுதியில் பள்ளம் இல்லை. அச்சகக்காரர் நான்கு தட்டினார், நால்வரும் ஒன்றாகப் புகுந்தார்கள், வெட்டிய துணி மாதிரி சுத்தமாக. கைதட்டல் கூடியது. "இப்பத்தான்மா வண்டி சூடாகியிருக்கு" என்றார் பெரியவர். அவள் மூன்று பாட்டு தாங்கினாள். நாலாவதுக்கு முன் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

படி ஏறுவதற்கு இம்முறை ஒரு கஷ்டமும் இல்லை. தெருவில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. கடைச் சுவரின் அடியில், கணுக்கால் உயரத்தில், அந்த அறைக்குக் காற்றுப் போக விட்ட துவாரத்தின் கம்பி. அதில் ஒரு காய்ந்த இலை சிக்கியிருந்தது. அவள் நின்றாள்.

கீழே குச்சிகள் தட்டுவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தம்பியின் நாலாவதுக்குக் காத்திருந்தாள். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டிருந்தது. தம்பியின் டிரம்மில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் கம்பியில் அந்த இலை படபடத்துக்கொண்டிருந்தது.