கண்ணாடிக்காரரின் ஆங்கில பக்திக் கவிதைகள்

1.
மறைப்பானேன்? ‘எனக்குப் பிடித்த ஆங்கில பக்திக் கவிதைகள்’ என்று ஒரு கட்டுரை கேட்டார் பத்திரிகை ஆசிரியர். எனக்குப் பிடித்தவை மொத்தம் ஒன்றரை. (இரண்டாவதைப் படிக்கும்போது பாதியில் தூங்கிவிட்டேன்.) விஷயம் தெரிந்தவர் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான். அவரிடம் போனேன். கட்டுரை போயிற்று, கதை வந்தது.

2.
‘பக்தி என்பது ஆன்மாவின்...’

வேண்டாம். ஆன்மா வந்தால் வாசகர் போய்விடுவார்.

கண்ணாடிக்காரருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் கடவுளைப் பற்றிய ஆங்கிலக் கவிதை என்றால் உயிர். இருநூறு மனப்பாடம். கடையில் பார்வை சோதிக்கும் அட்டையிலும் அவைதான். மேலே பெரிய எழுத்தில் இறைவனைப் புகழ்வது, கீழே பொடி எழுத்தில் இறைவனிடம் கேட்பது. வருகிறவர்கள் புகழ்ச்சியைக் கடகடவென்று படித்துவிட்டுக் கேட்கும் இடத்தில் திணறுவார்கள். (இங்கே ஒரு தத்துவம் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு நன்றி பாராட்டுங்கள்.)

“இந்த இடத்துல மூச்சு எப்படி நிக்குது பாருங்க சார்,” என்பார். எதிரில் இருப்பவர் தலைவலி என்று வந்தவர்.

3.
அவருக்கு ஓர் அக்கா. தம்பிக்காகத் தன் வாழ்வையே...

அந்த வரியை அடித்துவிட்டேன். உண்மையில் அந்த அம்மாள் சீட்டாட்டத்தில் தம்பியை ஏமாற்றுகிறவர்.

அக்காவுக்கு ஒரு கண் முன்பே போய்விட்டது. மற்றதில் விழித்திரை கிழிந்து, அறுவை சிகிச்சை என்றார்கள். “பார்க்கலாம்” என்றார் டாக்டர். கண் டாக்டர் வாயில் வரக்கூடாத சொல்.

ஆஸ்பத்திரி அறையில், கூப்பிடும் வரை, தம்பி தன் கவிதைகளில் ஆகச் சிறந்ததை வாசித்தார். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாருக்குடா. என்ன சொல்றான்?”

“ஓசையப் பாருக்கா. ஒவ்வொரு வரியும் படி இறங்குற மாதிரி...”

“என்ன கேக்குறான்?”

“வெளிச்சம் கேக்குறான்.”

“யாருக்கு?”

“தனக்குத்தான்.”

“அப்ப எனக்கு நீ கேளு. தமிழ்ல.”

“எனக்குத்தான் நம்பிக்கை இல்லையேக்கா.”

“அதனாலதான் சொல்றேன். என் குரல் கேட்டுக் கேட்டு அவருக்குச் சலிச்சிருக்கும். உன்னுது புதுசு.”

இருநூறு கவிதை தெரிந்தவர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். சக்கர நாற்காலியோடு நர்ஸ் வந்து நின்றார்.

“அக்காவுக்குக் கண்ணு தெரியணும்,” என்றார் தம்பி, சுவரைப் பார்த்து.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் வருது.”

“போதும்,” என்று அக்கா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

4.
முடிவு. கண் தெரிந்தது என்று எழுதினால் பக்தர்கள் பாராட்டிக் கடிதம் போடுவார்கள். தெரியவில்லை என்றால் பகுத்தறிவாளர்கள் போடுவார்கள். இரு தரப்புக்கும் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். மூன்று மணி நேரம் கண்ணாடிக்காரர் அறுவை சிகிச்சை அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைத் திறக்கவில்லை. அந்த ஒற்றை வாக்கியத்தையே, ஒரு சொல்லும் திருத்தாமல், முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். “கவிதையாவே இல்ல சார்,” என்று என்னிடம் வெட்கப்பட்டார்.

கதவு திறக்கிறது. டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றப் போகிறார். அதற்குள் நீங்கள் ஏதாவது கேட்பதானால் கேட்டுவிடுங்கள். நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.