கை தவறிப் போட்ட ஐந்து

விடுமுறை நாள் காலை. எலக்ட்ரீஷியன் குளித்து முடித்து, ஈரத் தலையோடு கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தங்கைக்குப் பின்னால் வந்து நின்றார்.

தங்கைக்கு நடக்க வராது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் முடக்கிப் போட்டுவிட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே டைப்பிங் வேலை செய்கிறாள். குடும்பத்தோடு கப்பலில் தீவுக்குப் போகிற இந்தப் பயணமே அவள் போட்ட திட்டம்தான். எந்த மாதம் கடல் அடங்கியிருக்கும், கப்பலில் எத்தனை நாள், அனுமதிச் சீட்டுக்கு என்னென்ன வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சொந்த நாட்டுக்குள்ளேயே அப்படியொரு பச்சைக் கடல் இருக்கிறதென்று அவள் சொல்லித்தான் வீட்டுக்கே தெரியும்.

"கப்பல் டிக்கெட் ஃபார்ம் ரெடிண்ணா. ஒரு தடவை பாத்துடு, அனுப்பிடறேன்."

"ஏம்மா, பயணிகள் அஞ்சுன்னு இருக்கே? நான், உங்க அண்ணி, பசங்க ரெண்டு பேர். நாலுதானே?"

பெயர்கள் கீழே இருந்தன. அங்கே வரை படிக்க அவருக்குப் பொறுமை இல்லை. அவள் விரல்கள் கொஞ்சம் தயங்கின.

"ஆமாண்ணா. கை தவறிடுச்சு."

அழித்து, நாலாக்கி, அனுப்பினாள்.

மனிதர் கெட்டவர் இல்லை. தங்கைக்குத் தலைவலி என்றாலே துடித்துப்போவார். தீவுக்குப் போகிற நாட்களில் அவளைக் கவனித்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தாயிற்று. 'பாவம், கப்பல் ஏணியில அவளை ஏன் பாடாய்ப் படுத்தணும்' என்று தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டவர், அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

மதியம் சின்ன மகள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"அப்பா, கப்பல் மேல்தளத்துல போட்டுக்க அத்தை எனக்கும் அவங்களுக்கும் ஒரே மாதிரி தொப்பி வாங்கியிருக்காங்க!"

எடுத்த கவளம் கையிலேயே நின்றது. பாதியில் எழுந்து கப்பல் அலுவலகத்துக்கு போன் போட்டார்.

"ஏணியா? சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை இருக்கு சார். இறக்கிவிட ஆளும் இருக்காங்க."

"அப்போ இன்னொரு பேர் சேத்துக்கங்க!"

"பதினோரு மணிக்கே நிரம்பிடுச்சு சார். அடுத்த கப்பல் ஆறு மாசம் கழிச்சுத்தான்."

"என் இடத்தையாவது அவளுக்குக் கொடுங்க."

"அனுமதி ஆள் பேருக்குத்தான் சார். மாத்த முடியாது."

கெஞ்சிப் பார்த்தார், சத்தம் போட்டும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. தங்கையின் அறைக்கு வந்தார். அவள் யாருடைய வீட்டுப் பத்திரத்தையோ அடித்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா?"

"என்னன்னு சொல்றது? நானும் இந்த வீட்டுல ஒரு ஆள்னு சொல்லணுமா?"

அவர் மறுபடியும் போனை எடுத்தார்.

"வேணாம்மா. டிக்கெட்டை ரத்து பண்ணிடறேன். யாருமே போக வேணாம்."

அவள் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"பாத்தியா, இதையும் நீயே முடிவு பண்ற. அண்ணியைக் கேட்டியா? பசங்களைக் கேட்டியா? எவ்வளவு பாசம் இருந்தாலும், ஒருத்தருக்காக முடிவெடுக்கறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு வார்த்தை கேக்கணும்ணா."