இரண்டாவது ஸ்லைடு

அந்த ஊரில் காய்ச்சலுக்கு ஒரே பெயர்தான். மழையில் நனைந்தாலும் மலேரியா, வெயிலில் காய்ந்தாலும் மலேரியா. உடம்பு சுட்டால் சுகாதார நிலையத்துக்கு வந்து விரலை நீட்ட வேண்டும். ஜன்னலுக்கு உள்ளே மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்திருக்கும் ஸ்லைடுக்காரி "இருக்கு" என்றோ "இல்ல" என்றோ சொல்வாள். "இருக்கு" என்றால் வந்தவர்கள் முகம் மலர்ந்துவிடும், மாத்திரை கிடைக்குமே. "இல்ல" என்றால்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். "நல்லாப் பாரும்மா" என்பார்கள், ஏதோ அவள் முந்தானையில் முடிந்து வைத்திருப்பதுபோல. சட்டையைக் கழற்றிப் பார்ப்பது, வயிற்றை அமுக்கிப் பார்ப்பது என்ற பேச்சே அங்கே கிடையாது. அதுதான் ஸ்லைடு இருக்கிறதே!

அவள் வீட்டுக்காரருக்கு மின்கம்பி போகும் பாதையில் புதர் வெட்டும் வேலை. ஒரு மதியம் தள்ளாடிக்கொண்டு வந்தவர், வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே புகுந்து விரலை நீட்டினார்.

"தலை வெடிக்குது. சீக்கிரம் கண்டுபிடி. உன் கண்ணுக்குத் தப்புமா?"

தப்பவில்லை. சாயம் ஏறிய ரத்தத்தில், ஊதா நிறத்தில், ஒரு ஓரம் புள்ளி வைத்த குட்டி வளையம்.

"இருக்கு. மோதிரம் மாதிரி."

"கல்யாணத்துக்கு உங்கப்பா போடுறேன்னு சொன்னாரே, அதுவா? ஒருவழியா வந்து சேர்ந்துச்சா?"

கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது.

மாத்திரை உள்ளே போனது. காய்ச்சல் வெளியே போகவில்லை. "இது கேக்கலன்னா அடுத்த மாத்திரை. மலேரியாவுக்கா மருந்தில்ல?" என்று கம்பவுண்டர் வேறொன்றைக் கொடுத்தார். அதையும் விழுங்கவைத்தாள். ஈரத்துணியால் உடம்பைத் துடைக்கும்போது, இடுப்புக்குக் கீழே பீடி சுட்டதுபோல ஒரு கறுப்புப் பக்கு கண்ணில் பட்டது.

"இது என்னங்க?"

"பெல்ட் உரசியிருக்கும். வலியே இல்ல, விடு."

விட்டுவிட்டாள். இனிமேல் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் போடச் சொன்னாள். அவ்வளவுதான்.

மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே டாக்டரம்மா அவரைப் புரட்டிப்போட்டுப் பார்த்து, அந்தப் பக்கில் விரலை வைத்தாள்.

"புதர்ல வேலை பாக்குறவரா?"

"ஆமா டாக்டர். ஆனா இது மலேரியா. நானே பாத்தேன்."

"இது புதர்ல இருக்கிற பொடிப் பூச்சி கடிச்ச இடம்மா. அது கொடுக்கிற காய்ச்சல் வேற. முன்னாடியே வந்திருந்தா சாதாரண மாத்திரையிலயே..."

"ரத்தத்துல இருந்துச்சே."

"இருந்திருக்கும். உங்க ஊர்ப்பக்கம் பல பேர் ரத்தத்துல அந்தக் கிருமி, காய்ச்சல் தராம, சும்மாவே இருக்கும்."

மருந்து ஏற்றினார்கள். உடம்பு ஏற்கவில்லை. மறுநாள் போய்விட்டார்.

அவள் அழவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் காதைக் கடித்துக்கொண்டார்கள். அவளுக்கும் அது கேட்டது. யாரையோ பேசுகிறார்கள் என்று தோன்றியது. வேலைக்குத் திரும்பிய அன்று கம்பவுண்டர், "பாழாப்போன மலேரியா, கொண்டு போயிடுச்சேம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் பெட்டியிலிருந்து வீட்டுக்காரருடைய ஸ்லைடை எடுத்தாள். சாயக் கறையைத்தான் வளையமென்று பார்த்துத் தொலைத்திருக்க வேண்டும். அப்படி மட்டும் இருந்துவிட்டால் தலையில் அடித்துக்கொண்டு அழலாம். கண்ணைப் பதித்தாள். வளையம் இருந்தது. புள்ளியும் இருந்தது. அவள் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை.

சும்மாவே இருக்கும் என்றாளே அந்த டாக்டரம்மா. ஊசியை எடுத்துத் தன் விரலில் குத்திக்கொண்டாள். வலித்த மாதிரி இல்லை. சாயம் ஏற்றி, காயவைத்து, உட்கார்ந்து தேடினாள். அவளுக்குக் காய்ச்சல் இல்லை, தலைவலிகூட இல்லை. காலையில் சாப்பிட்டுவிட்டு, வெயிலில் நடந்துதான் வந்திருக்கிறாள். தேடிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

அதே வளையம். அதே ஊதா.

"யாரோடதும்மா?" என்றார் கம்பவுண்டர்.

"என்னோடது."

"ஐயையோ, காய்ச்சலா?"

"இல்லண்ணே. நான் நல்லாத்தான் இருக்கேன்." "இது அவரை ஒண்ணுமே செய்யல."

கம்பவுண்டருக்குப் புரியவில்லை. மாத்திரை டப்பாவைத் திறந்தபடி நின்றார்.

ஜன்னலில் ஒருத்தி, தோளில் துவண்டு கிடந்த மகளோடு, வெகுநேரமாகக் காத்திருந்தாள். ஸ்லைடுக்காரி அந்தப் பிள்ளையின் ஸ்லைடை வைத்துப் பார்த்தாள். பிறகு, வேலை நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்தறியாதவள், எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"பாப்பா சட்டையைக் கழட்டுங்க."

"ஏங்க்கா, இல்லையா?"

"இருக்கு" என்றாள் அவள். "கழட்டுங்க."