ஓர் உண்மைக்கு ஒரு ஸ்பூன்

என் வயிறு சாதாரண வயிறு அல்ல. இளமையில் ஒருமுறை, லிஃப்ட் பழுதுபார்க்கப் போன இடத்தில், பசி மயக்கத்தில் கிரீஸ் டப்பாவை வெண்ணெய் என்று நினைத்து ரொட்டியில் தடவித் தின்றுவிட்டேன். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஆறு மாதம் என் முழங்கால்கள் சத்தமே இல்லாமல் மடங்கின, அவ்வளவுதான். இதை நம்பாத ஆள் உலகத்தில் ஒருத்திதான் உண்டு. அவளைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

அவள் அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் பிழை திருத்தியவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்ப்பாள். அச்சிட்ட தாளில் விட்டுப்போன ஒற்று, வீட்டில் என் வாய். இரண்டுமே அவளிடமிருந்து தப்பியதில்லை.

எங்கள் மகள் கடலோரத்தில், வெயில் கொளுத்தும் ஒரு நாட்டில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடம் கழித்து அவளைப் பார்க்கப் புறப்பட்டோம். கிளம்புவதற்கு முன்பே போனில் ஒரு பட்டியல் அனுப்பிவிட்டாள்: கொதித்த தண்ணீர், சூடான சாப்பாடு, உரித்த பழம். வேறு எதையும் தொடக்கூடாது.

விமானம் இறங்கிய ஊரிலிருந்து மகள் இருக்கும் ஊருக்குப் பேருந்தில் ஒரு நாள் பயணம். அலுப்புத் தீர நடுவில் ஒரு விடுதியில் தங்கினோம். மாலையில் தெருவில் நடந்தபோது நான் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் எடுத்தேன்.

"வைங்க அதை," என்றாள்.

"ஏம்மா? பழம்தானே சொல்லியிருக்கா?"

"உரித்த பழம்னு சொல்லியிருக்கா. இறந்தகாலப் பெயரெச்சம். உரிச்சு முடிஞ்சிருக்கணும். இது உரிக்காத பழம்."

இலக்கணத்தோடு யார் சண்டை போடுவது? தெரு முழுக்கத் தேடி, பப்பாளியையும் அன்னாசியையும் தோல் சீவித் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கி, வாடாமல் இருக்க அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஒரு வண்டியைக் கண்டுபிடித்தேன். உரித்த பழம் என்றால் அதுதான் உரித்த பழம். ஆசையோடு பெரிய பங்கை அவளுக்குக் கொடுத்தேன்.

விடிவதற்குள் ஆரம்பித்துவிட்டது. காலை பத்து மணிக்கு அவள் கட்டிலில் துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடந்தாள். எனக்கா? ஒன்றும் இல்லை. கிரீஸ் செய்த வேலை.

விடுதிக்கு எதிரே மருந்துக்கடை. கடைக்கார அம்மாவுக்கு நம் பாஷை தெரிந்திருந்தது. அது என் அதிர்ஷ்டம். அவர் கேள்வி கேட்கிற ஆளாக இருந்தார். அது என் கஷ்டகாலம்.

"எத்தனை தடவை போச்சு?"

"நாப்பது."

"நாப்பதா!"

"பதினஞ்சுன்னு வச்சுக்குங்க."

"ஐயா, இது சந்தைக் கடையா? சரியா சொல்லுங்க."

பழக்கதோஷம். வாயை ஒருமுறை துடைத்துக்கொண்டு, "எட்டு. வாந்தி ரெண்டு தடவை," என்றேன்.

"ரத்தம் போச்சா? காய்ச்சல் இருக்கா?"

"இல்லம்மா. ரெண்டும் இல்ல. சத்தியமா."

பொடி பாக்கெட்டுகள் கொடுத்தார். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். தண்ணீர் கொதித்து ஆறியதாகவோ சீல் உடைக்காத பாட்டிலாகவோ இருக்க வேண்டும். "பொடி தீந்துபோனா, ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டின ஸ்பூன். குவிச்சுப் போடாதீங்க. உங்களப் பாத்தா குவிச்சுப் போடுற ஆள் மாதிரி இருக்கு."

"அப்படியே நிறுத்துற மாத்திரை ஒண்ணு குடுங்களேன்."

"டாக்டர் பாக்காம வேண்டாம். உள்ள இருக்கிறது வெளிய போகட்டும். போற தண்ணிக்குப் பதில் தண்ணி குடுங்க, அதுதான் வைத்தியம். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஆரம்பிங்க. நாலு மணிக்குள்ள ஒண்ணுக்குப் போகணும். போகலைன்னாலோ, எதுவும் உள்ள நிக்கலைன்னாலோ, பேச்சு குளறினாலோ, ரத்தம் போனாலோ, காய்ச்சல் ஏறினாலோ, நேரா ஆஸ்பத்திரி. யோசிக்கவே கூடாது."

அறைக்கு ஓடினேன். எழுபத்திரண்டு வயதில் மூன்று மாடியை நான்கே தாவலில் ஏறினேன். சரி, ஏழு.

கரைத்து எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால், அவள் உதட்டை மூடிக்கொண்டாள்.

"வேண்டாங்க. ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தினா ஓட்டை வழியாத்தான் போகும். காயப்போட்டா தானா நிக்கும்."

"அந்தம்மா சொன்னாங்கம்மா, குடிக்கலைன்னாத்தான் ஆபத்தாம்."

"அந்தம்மா சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?"

"அவங்கதான்."

"நீங்க சொன்னதுல இதுவரைக்கும் எது நிஜம்?"

கல்யாணமான நாற்பத்தாறு வருடத்தில் நான் சேர்த்து வைத்த புண்ணியம் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. புலி வருது கதைதான். ஆனால் புலி என்னை விட்டுவிட்டு அவள் தலைமாட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. நாக்கு வறண்டிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டால் அது திரும்பிப் படுத்துக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டது.

மகளுக்குப் போன் செய்தேன். "அம்மாட்ட நீயாவது சொல்லு." அவள் போனிலேயே அழுதாள், கெஞ்சினாள். "அப்பா சொல்லிக் குடுத்து நீ பேசுறே," என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் உடனே பேருந்து பிடிக்கிறேன் என்றாள். அவள் வந்து சேர ராத்திரி ஆகும். நாலு மணி அதுவரை காத்திருக்காது.

பன்னிரண்டரைக்கு இவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "ஏங்க, எட்டு பேர் இருந்த லிஃப்ட்டோட கம்பியப் பல்லால கடிச்சு நிறுத்தினதாலதான் முன்பல்லு போச்சுன்னு சொன்னீங்களே. நிஜமா எப்படிப் போச்சு?"

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஸ்பூனைத் தூக்கினேன்.

"இதைக் குடி. சொல்றேன்."

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். நாற்பத்தாறு வருடப் பிழை திருத்தும் ஆசை ஒரு பக்கம், ஓட்டைக் குடம் ஒரு பக்கம். வாயைத் திறந்தாள்.

"கட்டிலுக்கு அடியில செருப்பு தேடினேன். நிமிர்ந்தேன். சட்டம் இடிச்சுது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"சீ," என்றாள். ஆனால் அடுத்த ஸ்பூனுக்கு அவளே தலையைத் தூக்கினாள். "லிஃப்ட் மூணு நாள் மாட்டிக்கிட்டு உள்ளயே ஒரு கல்யாணம் நடந்துச்சே?"

"நாப்பது நிமிஷம். உள்ள ஒரே ஒரு ஆள். அவரும் தூங்கிட்டார்."

ஸ்பூன்.

"உங்க முதலாளி உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டாரே?"

"அவர் பேனா கீழ விழுந்துச்சு."

ஸ்பூன். இப்படியே போயிற்று. நடுவில் ஒருமுறை வாந்தி எடுத்தாள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடி தொடங்கினோம். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் என் சொத்தில் ஒரு துண்டு போயிற்று. சிங்கம் போல் வாழ்ந்த நான் இரண்டு மணிக்குள் வெறும் லிஃப்ட் மெக்கானிக் ஆகிவிட்டேன்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு மூணு மணி நேரம் லேட்டு. வெள்ளத்துல பஸ் போயிடுச்சு, நீந்தி வந்தேன்னீங்க. சட்டை காஞ்சே இருந்துச்சு."

இதற்கு இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொண்டேன்.

"சரியான நேரத்துக்குத்தான் வந்தேன். உள்ள வர பயமா இருந்துச்சு. படிச்ச பொண்ணு, என்னை வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு. உங்க தெருவையே பதினோரு தடவை சுத்தினேன்."

"பதினொண்ணா?"

"ஏழு."

அவள் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, டம்ளரை வாயருகே கொண்டுபோகச் சொல்லித் தலையசைத்தாள். ஒரு மடக்குக் குடித்தாள்.

இன்னும் அரை லிட்டர் மீதி இருந்தது. என்னிடம் ஒரே ஒரு உண்மைதான் மீதி. அதைச் சொன்னால் டம்ளரைத் தட்டிவிடுவாளோ என்று பயம். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"பழக்காரன் கத்தியக் கழுவின வாளித் தண்ணி பாசி நிறத்துல இருந்துச்சும்மா. அதையேதான் பழத்து மேலயும் தெளிச்சான். நான் பாத்தேன். பாத்துட்டும் வாங்கினேன். ஊர் விட்டு ஊர் வந்து உனக்கு ஒரு பழம்கூட வாங்கித் தரலையேன்னு இருந்துச்சு. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா..." வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டேன்.

அவள் டம்ளரைத் தட்டிவிடவில்லை.

"நானும்தான் பாத்தேன்," என்றாள்.

"அப்புறம் ஏன் தின்னே?"

"நீங்க தட்டை ரெண்டு கையாலயும் ஏந்திட்டு வந்தீங்க. அதைப் பாத்து எப்படி வேண்டாம்பேன்? இறந்தகாலம் நிகழ்காலம் எல்லாம் அப்போ மறந்துபோச்சு." பிறகு, "குடுங்க இப்படி," என்று டம்ளரைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டாள். "உங்களுக்கு இனிமே சொல்ல ஒண்ணும் இல்லைல்ல? பரவால்ல. நானே குடிக்கிறேன்."

கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மணி நேரத்தில் முடித்தாள்.

மூன்றே முக்காலுக்கு, "பிடிங்க," என்றாள். பிடித்துக் குளியலறை வாசல்வரை கொண்டுபோய்விட்டு வெளியே நின்றேன். நாதஸ்வரக் கச்சேரிக்குக்கூட நான் அப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதில்லை. சத்தம் கேட்டது. நல்ல சத்தம், தாராளமான சத்தம்.

பேருந்தில் இருந்த மகளுக்குப் போன் போட்டு, "அம்மா ஒண்ணுக்குப் போயிட்டா!" என்று கத்தினேன். விடுதி நடையில் மூன்று கதவுகள் திறந்தன.

"அப்பா, விளையாடாதீங்கப்பா. இது நிஜமா?"

உள்ளேயிருந்து பதில் போயிற்று: "நிஜம்தான்டி. ஆனா இவ்வளவு சத்தமாச் சொல்ற விஷயமில்ல."

மறுபடி படுக்க வைத்தேன். வயிறு இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆனால் நாக்கில் ஈரம் வந்திருந்தது. எதிர்க்கடை அம்மா ஜன்னலைப் பார்த்துக் கை காட்டிக் கேட்டார். நான் தலைக்கு மேல் கும்பிட்டேன். அவர் சிரித்துவிட்டு, இன்னும் குடுங்க என்று சைகை காட்டினார்.

"ஏங்க," என்றாள் இவள், கண்ணை மூடியபடி. "ரொம்ப நேரமா உண்மையாவே பேசுறீங்க. உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லையோன்னு பயமா இருக்கு. ஏதாவது ஒரு பொய் சொல்லுங்க. நான் தூங்கணும்."

தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு யானை எண்பத்து நாலாவது மாடிக்குப் போக வேண்டியிருந்த கதையைத் தொடங்கினேன். யானை லிஃப்ட்டுக்குள் பின்பக்கமாக நுழைவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு மாடிக்கும் அவளை மெல்ல எழுப்பி, ஒரு ஸ்பூன் கொடுத்து, யானையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன்.