இரண்டு பஞ்சாங்கமும் ஒரு கிரைண்டரும்

கள்ளிக்குப்பத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்வது கோதண்டத்தால் ஆகாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்து மூன்று வருடம் லேத் மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய தொண்டை அது. அவர் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டுக்காரர் "அப்படியா" என்று கேட்பார். ஆகையால் அவர் ஆந்திராவுக்குக் குடிபோகப் போகிறார் என்ற சேதி, மனைவி சாமுண்டீஸ்வரியின் காதில் விழுந்த அதே நிமிடம் தெருவுக்கும் தெரிந்துபோனது.

"ஆந்திரான்னா எங்கயோன்னு நெனைக்காத சாமு. ஊத்துக்கோட்ட தாண்டுனா சத்தியவேடு. அதுக்கு இந்தாண்ட ஒரு ஊரு. பைக்ல ஒன்ற மணி நேரம். ஊட்டு வாடகை அஞ்சாயிரம்தான். வூட்டு வரியும் கம்மி. போர் தண்ணி, லாரித் தண்ணி செலவே இல்ல."

"பெட்ரோலு?" என்றாள் சாமுண்டீஸ்வரி, கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டே.

அங்கேதான் கோதண்டம் கொஞ்சம் இருமினார். பெட்ரோல் அங்கே லிட்டருக்கு எட்டு ரூபாய்க்கு மேல் அதிகம். அதை அவர் கணக்கு நோட்டில் எழுதவே இல்லை. "இந்தப் பக்கமே டேங்க் ரொப்பிகினு போய்க்கலாம்" என்று முடித்துவிட்டார்.

மனுஷன் உண்மையில் போட்ட கணக்கு வேறு. அதை மட்டும் அவர் கத்திச் சொல்லவில்லை. வைகாசியோடு வேலை ஓய்வு. பென்ஷனும் வங்கி வட்டியும் சேர்ந்து மாதம் பதினைந்தாயிரம் வரும். இங்கே வாடகையே பன்னிரண்டாயிரம். வீட்டு வரி ஏறிவிட்டது என்று வீட்டுக்காரர் அடுத்த மாதத்திலிருந்து இன்னும் ஒரு ஆயிரம் கேட்டிருந்தார். ஆக, இங்கே இருக்கிற வரைக்கும் சாமுண்டீஸ்வரி மாவு அரைத்தே தீர வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அரைக்கிறாள். தெருவில் நாற்பது வீட்டு இட்லி அவள் கைமாவு. விற்ற காசு அப்படியே பழைய பிஸ்கட் டப்பாவில் விழும், மாதம் ஐந்தாம் தேதி டப்பா வீட்டுக்காரரிடம் போகும், காலியாகத் திரும்பி வரும். அவள் வலது மணிக்கட்டில் மூன்று வருடமாக ஒரு கட்டு நிரந்தரமாகக் குடியிருக்கிறது. "நான் ரிட்டயர் ஆவட்டும், அடுத்த நாளே உன்ன உக்கார வெக்கிறேன்" என்று அவள் கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் சொன்னார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றப் போட்டதுதான் இந்த ஆந்திரா கணக்கு.

சாமுண்டீஸ்வரிக்குப் போக மனசில்லை. அது அவள் மாவு வழித்த வேகத்திலேயே தெரிந்தது. ஆனால் கணவன் அத்தனை சந்தோஷமாக நோட்டைத் தூக்கிக்கொண்டு திரிகிறபோது எப்படி மறுப்பது? "போறதுன்னா ஆடி பொறக்கறதுக்குள்ள போவணும். ஆடில நான் குடி போவ மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அப்போது ஆனி மாதம் பிறந்து ஒரு வாரம். கோதண்டம் சும்மா இருப்பாரா? போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். ஆனி இருபது, வெள்ளிக்கிழமை என்று நாள் பார்த்தார். கூடவே வேலை பார்த்து, இப்போது சொந்தமாக டாட்டா ஏஸ் வண்டி ஓட்டும் இருதயராஜிடம் வண்டியும் சொல்லிவிட்டார். நாலு நாள் முன்னால் சாவி வாங்கப் போனபோதுதான் வந்தது வினை.

அந்த வீட்டுக்காரி ரமணம்மா. தன் வீட்டுக்குப் பின்னாலேயே புதிதாக ஒரு வீடு கட்டியிருந்தாள். வண்ணம் கூடக் காயவில்லை. தமிழ் நன்றாகப் பேசுவாள். "சாவியா? இப்போ எப்படி அண்ணா குடுப்பேன்? ஆஷாடம் நடக்குதே" என்றாள்.

"அதான் ஆடிக்கு முன்னாடி வந்துட்டேனேம்மா."

"உங்க ஆடி வேற, எங்க ஆஷாடம் வேற. எங்களுக்கு அமாவாசையில இருந்து அமாவாசைக்கு. போன வாரமே பொறந்தாச்சு. இது புது வீடு. மொதல்ல பால் பொங்கப்போறது உங்க பால்தான். ஆஷாடத்துல பொங்குனா எனக்கு ஆகுமா? இன்னும் இருபத்தஞ்சு நாள்ல முடிஞ்சிடும், வாங்க."

இருபத்தைந்து நாள் கழித்து என்றால் இங்கே ஆடி ஒன்பது. சாமுண்டீஸ்வரி ஒரே தலையாட்டலில் முடியாது என்றுவிட்டாள். சரி, ஆடி முடிந்து ஆவணியில் வருகிறோம் என்று போன் போட்டால், ரமணம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, ஆவணி ஏழோடு தங்களுக்கு நல்ல மாதம் முடிந்து ஆகாத மாதம் பிறந்துவிடும் என்றாள். தமிழ்ப் பஞ்சாங்கம் விட்டால் தெலுங்குப் பஞ்சாங்கம் பிடித்துக்கொண்டது. இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சியது ஆவணியில் முதல் ஏழே நாள். அதிலும் செவ்வாய், சனி, நவமி, அமாவாசை எல்லாம் கழித்தபின், இரண்டு பெண்களும் போனிலேயே பேசி, ஆவணி நாலு, புதன்கிழமை என்று முடிவு செய்தார்கள். கோதண்டத்தை யாரும் கேட்கவில்லை.

"எங்களுக்கு இந்தப் பேஜாரே இல்ல அண்ணாத்தே. எல்லா நாளும் ஆண்டவர் குடுத்ததுதான்" என்றார் இருதயராஜ். "ஆனா ஒண்ணு, ஞாயித்துக்கெழம மட்டும் கூப்பிடாத. பூசை கீது."

இங்கத்து வீட்டுக்காரரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார் கோதண்டம். அவரோ, "நல்லதா போச்சு, இருங்க. ஆடியில எவன் வூடு பாக்க வரப்போறான்?" என்று சிரித்துவிட்டார். பழைய வாடகையே போதும் என்றும் சொல்லிவிட்டார். அப்படியாக ஒன்றரை மாதம் சும்மா கிடைத்தது.

சும்மா கிடைத்த மாதத்தில் என்ன செய்வது? ரமணம்மா சமையலறைக்கு அலமாரி அடிக்கப் போவதாகவும், எந்த உயரம் வேண்டும் என்று அக்கா வந்து சொன்னால் நல்லது என்றும் போன் செய்தாள். கோதண்டத்துக்கு வாயெல்லாம் பல். ஒரு புதன்கிழமை மனைவியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று சாமுண்டீஸ்வரி ஒரு தூக்கு நிறைய இட்லி மாவு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். செங்குன்றம் தாண்டி, பெரியபாளையத்தில் ஆடிக்கூட்டம் ஊர்ந்து போவதற்கு நடுவே நுழைந்து, ஊத்துக்கோட்டையில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். வீட்டைப் பார்த்தாள். எதிரே நீளமாக ஒரு மாடிக் கட்டடம், இருபது அறை இருக்கும். பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பையன்கள் தங்கியிருந்தார்கள். விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று எல்லா ஊர்க்காரனும் இருந்தான். சாமுண்டீஸ்வரி அலமாரியைப் பார்த்ததைவிட அந்தக் கட்டடத்தைத்தான் அதிகம் பார்த்தாள். கோதண்டம் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை அவளே, "அலமாரி எப்படி அடிச்சிகீறான்னு பாத்துட்டு வரலாமா?" என்றாள். இந்த முறை இரண்டு தூக்கு. அதற்கடுத்த வாரம் ஒரு பெரிய டப்பா. "எதுக்கு சாமு இவ்ளோ?" என்றால், "ரமணம்மா ஊட்ல விருந்தாளி" என்றாள். ரமணம்மா வீட்டில் வாராவாரம் விருந்தாளி எப்படி வரும் என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். கோதண்டம் யோசிக்கவில்லை. மனைவிக்கு ஊர் பிடித்துவிட்டது, தன் கணக்கு ஜெயித்துவிட்டது என்ற ஆனந்தத்தில் இருந்தார். "இன்னும் மூணு வாரம் சாமு. அப்புறம் நீ ராணி மாதிரி உக்காரு" என்று போகும் வழியெல்லாம் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்தவள் மடியிலிருந்த டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காற்றில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆடி கடைசியில், சமையலறையில் மிச்சமிருந்த மின்வேலை முடிந்ததா என்று பார்க்க அவர் மட்டும் தனியாகப் போனார். சமையலறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மிக்சிக்கு ஒரு சின்னப் பிளக் இருந்தது, அது சரி. அதன் பக்கத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், தடித்த வயர் இழுத்துப் பெரிய மோட்டாருக்கான பிளக் பாயிண்ட் ஒன்று. லேத் ஓட்டிய மனுஷனுக்கு இது தெரியாதா? ஐந்து லிட்டர், பத்து லிட்டர் கிரைண்டருக்குத்தான் இப்படி வைப்பார்கள்.

"இத்த யாரு வெக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

"உங்க வீட்டு அம்மாதான் சார்" என்றான் எலக்ட்ரீஷியன் கிஷோர். "பெரிய கிரைண்டர் வருதுன்னாங்க. எதிர் மாடிப் பசங்கல்லாம் மாவுக்கு இப்பவே சொல்லி வெச்சிட்டாங்களே, தெரியாதா உங்களுக்கு?"

கோதண்டத்துக்குத் தெரியாதுதான். வரும் வழியில் ஊத்துக்கோட்டையில் பெட்ரோல் போடக்கூட மறந்துவிட்டார். பெரியபாளையத்துக்கு முன்னால் வண்டி நின்றுபோய், அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தார். அவ்வளவு துக்கமாக இருந்தது அவருக்கு. மனைவியை உட்கார வைக்கத்தானே ஊரை விட்டே கிளம்பினோம். அங்கேயும் அவள் நின்றுகொண்டு அரைப்பதென்றால் எதற்கு இந்தப் பாடு?

வீட்டுக்கு வந்து முதல் தடவையாக மெல்லக் கேட்டார். "இன்னா சாமு இது? உன்ன உக்கார வெக்கிறேன்னு சொன்னேன். நீ பெரிய கிரைண்டரா வாங்கப்போறே."

அவர் மெல்லப் பேசியதே அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "வாங்கியாச்சு. சாய்க்கிற கிரைண்டரு. ஆடித் தள்ளுபடில ரெண்டாயிரம் கம்மி. மாவு கையால வழிக்க வேணாம், அதுவே சாஞ்சி ஊத்தும். மணிக்கட்டு நோவாது."

"ஆடில புதுசா யாவாரம் ஆரம்பிக்கலாமா?" வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டார்.

"குடி போறதுதான்யா கூடாது. மாவு விக்கக் கூடாதுன்னு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டுகீது? ஆடிப்பட்டம் தேடி வெதன்னு சும்மாவா சொன்னாங்க."

"சாமு, பென்ஷன்லயே வாடகை போக மீந்துடும். நீ ஏன் அரைக்கணும்?"

"அதனாலதான் அரைக்கணும்" என்றாள். "இருபத்திரண்டு வருசம் அரைச்சேன். ஒரு ரூபா என்னுதுன்னு வெச்சதில்ல. எல்லாம் டப்பால விழுந்து ஊட்டுக்காரருக்குப் போச்சு. இப்பத்தான் வாடகைய உன் துட்டு பாத்துக்கும்னு ஒரு ஊரு கெடச்சிகீது. இந்த நேரம் பாத்து என்ன உக்காருன்றியே, இது நியாயமா? உக்காந்து இன்னா பண்றது? உன் மூஞ்சியவே பாத்துகினு கீறதா?"

கோதண்டம் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கணக்கு நோட்டில் பெட்ரோலை விட்டது போலவே இதையும் விட்டிருக்கிறோம் என்று பட்டது. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

ஆவணி நாலாம் தேதி விடிய நாலு மணிக்கு இருதயராஜின் வண்டி வந்து நின்றது. கள்ளிக்குப்பத்துத் தெருவே பாத்திரத்தோடு கடைசி மாவு வாங்க வந்து நின்று, வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டது. சாமுண்டீஸ்வரியும் அழுதாள். அழுதுகொண்டே, அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்த நாலு அண்டாவைச் சிந்தாமல் ஏற்றச் சொன்னாள்.

"அண்ணி, தண்ணியோடயா?" என்றார் இருதயராஜ்.

"ஆமா. போற வழியில ஊறட்டும். மெதுவா ஓட்டு."

புது வீட்டில் முதலில் சாமி படமும் உப்பும் மஞ்சளும் போயின. ரமணம்மா பக்கத்தில் நிற்க, பால் பொங்கியது. பால் பொங்கி அடங்குவதற்குள் இருதயராஜும் கோதண்டமும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்தப் பெரிய பிளக்குக்கு நேரே வைத்துவிட்டார்கள். கோதண்டம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கல் சுற்ற ஆரம்பித்ததும் காதைச் சாய்த்துக் கேட்டார். "பெல்ட்டு லூஸா கீது. நாளைக்கு டைட் பண்றேன்" என்றார். பிறகு அவரே உளுந்தை அள்ளிப் போட்டார். அவளை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சொன்ன வார்த்தையை அந்த அளவுக்காவது காப்பாற்ற வேண்டாமா?

மறுநாள் சாயங்காலம் எதிர் மாடிப் பையன்கள் பாத்திரத்தோடு வரிசையில் வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் மாவு தீர்ந்தது. சாமுண்டீஸ்வரி நோட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், புது அலமாரியில் கையை விட்டுத் துழாவினாள்.

"யோவ், வாடகை டப்பா எங்க?"

"அதுல ஸ்க்ரூவும் ஸ்பேனரும் போட்டு வெச்சிகீறேன்" என்றார் கோதண்டம். "அது எதுக்கு இப்ப?"

அவள் கையில் பணத்தோடு சமையலறை நடுவில் நின்றாள். பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டு, செருகிய இடத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, நாளைக்கு எவ்வளவு அரிசி ஊறப்போட வேண்டும் என்று அவரைக் கேட்டாள்.